ஆளைக் குறை சொல்லும் முன் வேலையைப் பாருங்கள்: நிறுவன உளவியலுக்கு ஓர் அறிமுகம்

கோணேசபுரி வளாகத்தில் முகாமைத்துவம் படிக்கும் ஒரு மாணவி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். நிறுவன உளவியல் என்றால் என்ன, மனிதவள முகாமைத்துவத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அமெரிக்கத் தொழிற்சாலைகளில் செய்த ஆய்வுகள் திருகோணமலையில் ஒரு கந்தோருக்கோ ஹோட்டலுக்கோ பொருந்துமா? நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் பயிற்சிக்குப் போகப் போகிறாராம். அங்கே எதைக் கவனிப்பது? நான் இந்த மாவட்டத்தில் ஆட்சேர்ப்பு, பயிற்சி வேலைகளில் நெடுங்காலம் இருந்தவன். மாலை வகுப்புகளில் இதே பாடத்தைக் கற்பித்தும் வருகிறேன். கேள்விகள் நல்ல கேள்விகள். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

மனிதவள முகாமைத்துவம் ஒரு நிறுவனத்துக்குள் நடக்கும் வேலை: ஆள் எடுப்பது, சம்பளம், லீவு, ஊழியர் சேமலாப நிதி, இடமாற்றம், ஒழுக்காற்று விசாரணை. நிறுவன உளவியல் ஓர் ஆராய்ச்சித் துறை. வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்று கேட்டு, அளந்து, ஒப்பிட்டு விடை தேடுவது அதன் வேலை. ஒரு மனிதவள அதிகாரி எடுக்கும் முடிவுகளுக்கு ஆதாரம் இந்தத் துறையிலிருந்து வர வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் அது வழக்கத்திலிருந்தும் மேலிடத்துச் சுற்றறிக்கையிலிருந்தும்தான் வருகிறது.

துறைக்கு இரண்டு முகங்கள் உண்டு. பழைய முகம், ஆளை வேலைக்குப் பொருத்துவது. ஹூகோ முன்ஸ்டர்பெர்க் என்ற ஜெர்மானியர் அமெரிக்காவில் இருந்துகொண்டு டிராம் ஓட்டுநர்களைத் தெரிவு செய்யப் பரிசோதனைகள் வகுத்தார்; அவருடைய நூலின் ஆங்கிலப் பதிப்பு 1913இல் வந்தது. மற்ற முகம், ஆள் உள்ளே வந்த பிறகு நடப்பது: ஊக்கம், குழு, தலைமை, நியாயம், மாற்றம், மனச்சோர்வு. மாணவர்கள் இரண்டாவதைத்தான் விரும்பிப் படிக்கிறார்கள். ஆனால் முதலாவதில்தான் உறுதியான கண்டுபிடிப்புகள் அதிகம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இத்தனை கோட்பாடுகளுக்கும் அடியில் ஒரு கருத்து ஓடுகிறது. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் 1933இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போன கேர்ட் லெவின் என்ற யூத உளவியலாளர், ஒருவரின் நடத்தை அவராலும் அவர் இருக்கும் சூழலாலும் சேர்ந்தே உருவாகிறது என்று 1936இல் ஒரு சின்னச் சூத்திரமாக எழுதினார். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் வேலையிடத்தில் நாள் முழுக்கப் பேசுவது என்ன? "அவர் சோம்பேறி", "அந்தப் பிள்ளைக்கு வாய் கூட", "இவருக்குப் பொறுப்பில்லை". எல்லாமே ஆளைப் பற்றிய பேச்சு. அடுத்தவர் செய்வதற்கு அவருடைய குணத்தைக் காரணம் காட்டி, சூழலை மறந்துவிடும் இந்தப் பழக்கத்தை அடிப்படைக் காரணங்காட்டல் தவறு என்று லீ ரோஸ் 1977இல் பெயரிட்டார். நிறுவன உளவியல் படிப்பதன் முதல் பயன் அந்த இடத்தில் கொஞ்சம் நிற்கப் பழகுவது. ஆள் சரியில்லை என்று சொல்வதற்கு முன், வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது.

ஒரு பழைய பரிசோதனையைச் சொல்கிறேன், திருகோணமலையில் உள்ளவர்களுக்குக் கண்முன்னே தெரியும் காட்சி அது. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து விசையை அளந்தார். முடிவுகள் 1913இல் வெளியாயின. தனியே இழுக்கும்போது ஒருவர் கொடுக்கும் விசை, ஆள் கூடக்கூடக் குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது தலைக்கு ஏறத்தாழப் பாதிதான் கிடைத்தது. காரணங்கள் இரண்டு. ஒன்று, எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. இரண்டு, நம் பங்கு தனியாகத் தெரியாதபோது நாம் அறியாமலே தளர்கிறோம். இந்த இரண்டையும் பிரிக்க 1974இல் வேறு ஆய்வாளர்கள் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் நிற்பதாக நம்ப வைத்துத் தனியே இழுக்க விட்டார்கள். அப்போதும் விசை குறைந்தது. சேர்ந்து இழுக்க யாருமே இல்லாததால் ஒத்திசைவுப் பிரச்சினைக்கு அங்கே இடமில்லை; குறைந்தது ஊக்கம்தான். 1979இல் லத்தானேயும் கூட்டாளிகளும் கைதட்டலிலும் கத்தலிலும் இதையே கண்டார்கள்.

இப்போது விடியற்காலையில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் கயிறு, ஒவ்வொரு பக்கமும் ஒரு வரிசை ஆட்கள். ரிங்கல்மனின் கணக்குப்படி அங்கே பெரிய தளர்ச்சி இருக்க வேண்டும். ஆனால் வரிசையில் ஒருவர் அம்பா என்னும் வலை இழுக்கும் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அந்தத் தாளத்துக்குக் காலை மணலில் ஊன்றி இழுக்கிறார்கள். முதல் பிரச்சினையைப் பாட்டே தீர்த்துவிடுகிறது. இரண்டாவதுக்கு வேறு ஏற்பாடுகள்: வரும் பங்கு பிடிபடும் மீனைப் பொறுத்தது, பக்கத்தில் நிற்பவர் மச்சானோ அயல்வீட்டுக்காரரோ, கயிறு தொய்ந்தால் பின்னால் நிற்பவருக்கு உடனே தெரியும். அவர்கள் பிறவியிலேயே சுறுசுறுப்பானவர்கள் என்று சொல்லத் தேவையில்லை. வேலை அப்படி அமைந்திருக்கிறது.

பொருந்துமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே பாதி விடை இருக்கிறது. கிறிஸ்டோபர் ஏர்லி என்பவர் 1989இல் முகாமைத்துவப் பயிற்சியில் இருந்த அமெரிக்கர்களையும் சீனர்களையும் ஒப்பிட்டபோது, கூட்டாக வேலை செய்கையில் அமெரிக்கர்கள்தான் தளர்ந்தார்கள். பிறகு 1993இல் இஸ்ரேலியரையும் சேர்த்துச் செய்த ஆய்வில் இன்னொன்று தெரிந்தது: கூட்டுணர்வு வலுவான பண்பாட்டினர் தங்கள் ஆட்கள் என்று கருதுவோருடன் சேரும்போது நன்றாக வேலை செய்தார்கள், அந்நியரோடு சேர்த்தால் அவர்களும் தளர்ந்தார்கள். ஆகவே மேற்கத்தேய ஆய்வு முழுதாகப் பொருந்தும் என்றோ, நமக்கு இது சரிவராது என்றோ ஒரேயடியாகச் சொல்ல முடியாது. எந்த நிபந்தனையில் பொருந்துகிறது என்று கேட்க வேண்டும். நம் கந்தோர்களில் "எங்கள் ஆள்" என்ற வட்டம் எங்கே முடிகிறது என்பது சாதாரணக் கேள்வி இல்லை.

ஹோதோர்ன் ஆய்வு பாடத்தில் கட்டாயம் வரும், ஆனால் பெரும்பாலும் பாதிதான் சொல்லித் தருகிறார்கள். சிக்காகோவுக்கு அருகே வெஸ்டேர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த தொடர் ஆய்வுகள் அவை. வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி கூடியது, கவனிக்கப்படுவதே ஊக்கம் தந்தது என்று கதை முடிந்துவிடும். ஆய்வுக்காகத் தனியே ஒரு சின்ன அறையில் வைத்துக் கவனிக்கப்பட்ட பெண்களில் இருவர் அதிகம் கதைக்கிறார்கள் என்று இடையில் மாற்றப்பட்டதையும், சம்பளக் கணக்கு முறை மாறியதையும் சொல்வதில்லை. அதனால் அந்த முடிவைப் பிற்கால ஆய்வாளர்கள் நிறையக் கேள்வி கேட்டார்கள்.

என் பார்வையில் அதிகம் பெறுமதியானது அதே தொழிற்சாலையில் 1931–32இல் 14 ஆண்களை வெறுமனே கவனித்த பகுதி. அவர்களுக்குக் குழுவாகச் செய்த அளவுக்கு ஏற்பக் கூலி. கூடச் செய்தால் கூட வரும். ஆனாலும் ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் செய்தவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள், புயத்தில் ஒரு குத்து விட்டார்கள். மிகவும் குறைத்துச் செய்தவரையும் விடவில்லை. கூடச் செய்தால் மேலிடம் அதையே வழமையாக்கிக் கூலி வீதத்தைக் குறைத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. நம் கந்தோர்களில் புதிதாக நியமனம் பெற்று வந்த பிள்ளை ஒரு கட்டுக் கோவையை மதியத்துக்குள் முடித்தால், பக்கத்து மேசை அண்ணன் மெதுவாகச் சொல்வார்: "ஆறுதலாச் செய் தம்பி, நாளைக்கு எங்கள் எல்லாருக்கும் இதே அளவைத் தருவினம்." அந்த அண்ணனைக் கெட்டவர் என்று நினைத்தால் ஒன்றும் விளங்காது. அந்த இடத்தில் கூட வேலை செய்தவருக்கு இதற்கு முன் என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

பசி, பாதுகாப்பு என்று தொடங்கி மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கும் மாஸ்லோவின் தேவைப் படிநிலை பற்றிப் பரீட்சைக்கு எழுதுங்கள். அதன்மேல் எதையும் கட்டாதீர்கள். பாடநூல்களில் வரும் அந்தக் கோபுரத்தை 1943 கட்டுரையில் அவர் வரையவே இல்லை. ஒரு படி நிரம்பினால்தான் அடுத்த படி என்ற ஒழுங்குக்கும் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஹக்மனும் ஓல்ட்ஹாமும் 1976இல் தந்த வேலைப் பண்புகள் மாதிரி வேலைத்தளத்தில் எவ்வளவோ பயன்படும்: பலவிதத் திறமை வேண்டுமா, ஒரு வேலையை முழுதாகச் செய்ய முடிகிறதா, அது பிறருக்கு முக்கியமா, தீர்மானிக்கும் உரிமை இருக்கிறதா, செய்தது எப்படி இருந்தது என்று தெரிகிறதா. இந்த ஐந்தையும் எந்த வேலையின் மேலும் வைத்துப் பார்க்கலாம்.

நியாயம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த வேலையிடச் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. மனிதர்கள் தங்கள் சம்பளத்தைத் தனியே பார்ப்பதில்லை, தாங்கள் கொடுப்பதையும் பெறுவதையும் அடுத்தவருடையதோடு ஒப்பிடுகிறார்கள் என்று ஸ்டேசி அடம்ஸ் 1960களில் காட்டினார். ஜெரால்ட் கிரீன்பேர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது. ஒரு நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளில் 10 வாரங்களுக்குச் சம்பளம் 15% குறைக்கப்பட்டது. ஒன்றில் ஏன், எவ்வளவு காலம், வேறு வழி ஏன் இல்லை என்று விரிவாக விளக்கி, வருத்தத்தையும் தெரிவித்தார்கள். மற்றதில் சுருக்கமான ஓர் அறிவிப்பு மட்டும். ஊழியர்களின் திருட்டு இரண்டாவது இடத்தில்தான் மிக அதிகமாகக் கூடியது. வெட்டு ஒன்றே. சொன்ன விதம் வேறு.

ஹோட்டலுக்குப் போகும் உங்களுக்கு இது சேவைக் கட்டணமாகக் கண்முன் வரும். பில்லில் சேரும் 10% மாத முடிவில் ஊழியர்களுக்குள் பிரிகிறது. பல ஹோட்டல்களில் பதவிக்கு ஏற்பப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். உடைந்த கோப்பை, தட்டு என்று ஒரு தொகையைக் கழிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. நான் பயிற்சி கொடுத்த ஒரு ஹோட்டலில், ஊழியர் சாப்பாட்டு அறைச் சுவரில் மாதாமாதம் ஒரு தாள் ஒட்டுவார்கள். அதில் ஒரே வரி: புள்ளி ஒன்றுக்கு இத்தனை ரூபாய். சீசன் உச்சத்தில் அறைகள் நிரம்பி வழிந்த மாதத்தில்கூட அந்தத் தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. சமையலறை முழுக்க முணுமுணுப்பு. முகாமையாளர் நேர்மையான மனிதர். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது யாருக்குத் தெரியும்? அடுத்த மாதம் தாளில் சில வரிகள் சேர்த்தோம்: மொத்தம் வந்தது, கழித்தது, எதற்காகக் கழித்தது, மொத்தப் புள்ளிகள். கூடவே, தாளை ஒட்டும் நாளில் கணக்காளர் தேநீர் நேரத்துக்கு வந்து பதினைந்து நிமிடம் உட்கார்ந்தார். தொகை கூடவில்லை. பேச்சு மாறியது. "எங்களை ஏமாத்துகினம்" என்று சொன்னவர்கள், "பாத்திரம் கழுவும் இடத்தில் தட்டு வைக்க இடம் காணாது, அதுதான் இவ்வளவு உடையுது" என்று சொல்லத் தொடங்கினார்கள். அது ஹோட்டலுக்கே லாபமான தகவல். அந்தத் தகவல் அவர்களிடம் முன்பே இருந்தது. சொல்லும் மனம்தான் இல்லாமல் இருந்தது.

சொல்லும் மனம் என்றதும் ஏமி எட்மன்ட்சனின் ஆய்வு நினைவுக்கு வரும். 1990களில் மருத்துவமனைத் தாதியர் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்ணிக்கை தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. மற்ற இடங்களில் மறைத்தார்கள். கேட்டால் கேவலப்படுத்த மாட்டார்கள் என்ற இந்தப் பொது நம்பிக்கைக்கு உளவியல் பாதுகாப்பு என்று பெயர். 1999இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்று துறையில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று.

திருகோணமலையில் இதற்கு ஒரு தனிப் பரிமாணம் உண்டு, பாடநூல்களில் அதைக் காண மாட்டீர்கள்: மொழி. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் இடங்கள் இங்கே நிறைய. ஒரு தொழிற்சாலையின் காலைக் கூட்டத்தில் நான் அடிக்கடி உட்கார்ந்திருக்கிறேன். கூட்டம் சிங்களத்தில் நடக்கும். தமிழ் பேசும் ஃபிட்டர் ஒருவர். சந்தையில், பஸ்ஸில் பேசும் அளவுக்குச் சிங்களம் நன்றாகவே வரும். கூட்டத்தில் எழுந்து ஒரு தொழில்நுட்ப விஷயத்தை விளக்கும் அளவுக்கு வராது. ஒரு மோட்டரின் பெயாரிங் சூடாகிறது என்பதைக் கையை வைத்துப் பார்த்தே கண்டுபிடித்திருந்தார். கூட்டத்தில் சொல்லவில்லை. பிறகு பிளேன்ரீ குடிக்கும்போது பக்கத்தில் இருந்தவரிடம் தமிழில் சொன்னார், அது மேற்பார்வையாளரின் காதுக்குப் போகவில்லை. வருட இறுதி மதிப்பீட்டில் அவருக்கு எழுதப்பட்டது, "முன்வந்து பேசும் பழக்கம் இல்லை". மறுபக்கமும் உண்டு: முழுக்கத் தமிழில் நடக்கும் கூட்டத்தில் ஒற்றைச் சிங்கள ஊழியர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் கண்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் அமைதியைக் குணமாக எழுதிவிடுகிறார்கள். பெரிய செலவு இல்லாத மாற்றம் இருக்கிறது: கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அவரவர் மொழியில் ஐந்து நிமிடம் கேட்டு, பலகையில் எழுதிவிடுவது, கூட்டத்தில் அந்தப் பலகையைப் பார்த்துப் பேசுவது.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவர் கோர்டன் ஓல்போர்ட். வெவ்வேறு சமூகத்தவர் ஒரே இடத்தில் இருப்பதால் மட்டும் தப்பெண்ணம் குறையாது என்று 1954இல் எழுதினார். சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, ஒத்துழைத்தால்தான் முடியும் என்ற வேலை, மேலிடத்தின் ஆதரவு, இந்த நான்கும் வேண்டும். ஒரே கன்டீனில் மூன்று மேசைகளில் தனித்தனியே சாப்பிடும் ஊழியர்கள், ஒரு இயந்திரம் நின்றுபோனால் ஒன்றாகக் குனிந்து வேலை பார்ப்பார்கள். எங்கே பழக வைக்கலாம் என்பதற்கு அதுவே வழிகாட்டும். வருடத்துக்கொரு ஒன்றுகூடலை நம்பியிருக்கத் தேவையில்லை.

மாற்றம் பற்றிச் சுருக்கமாக. வேர்ஜீனியாவில் ஒரு பைஜாமா தொழிற்சாலையில் கோச், பிரென்ச் இருவரும் செய்து 1948இல் வெளியிட்ட ஆய்வில், வேலை முறையை மாற்றியபோது கலந்து பேசாமல் அறிவித்த குழுவில் 17% பேர் முதல் 40 நாட்களுக்குள் வேலையை விட்டுப் போனார்கள். மாற்றத்தை வகுப்பதில் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட குழுக்கள் விரைவிலேயே பழைய உற்பத்தியைத் தாண்டின. கந்தோர்களுக்கு விரலடையாள மெஷின் வந்தபோது ஏன் அவ்வளவு கசப்பு என்று யோசித்தால் இது விளங்கும். மூதூரிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் பஸ் பிடித்து வருபவரிடம் பஸ் நேரத்தைக் கேட்டுவிட்டு நேரத்தை நிர்ணயித்த இடங்களில் அந்தக் கசப்பு சீக்கிரம் ஆறியது.

இனி உங்கள் பயிற்சி. வரவேற்பு மேசையில் நிற்பவர்களைக் கவனியுங்கள். வேலைக்காக முகத்தில் ஓர் உணர்ச்சியைக் காட்ட வேண்டியிருப்பதை ஆர்லி ஹோக்ஷைல்ட் 1983இல் உணர்ச்சி உழைப்பு என்று அழைத்தார். விமானப் பணிப்பெண்களைப் பார்த்து எழுதியது. கோபத்தை விழுங்கிப் புன்னகைப்பவர் ஷிஃப்ட் முடிந்து எங்கே போய் மூச்சு விடுகிறார், அதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சீசன் முடிந்து அக்டோபருக்குப் பிறகு மழை தொடங்கினால் யார் வேலையில் இருப்பார்கள், அது அவர்களுக்கு எப்போது சொல்லப்படுகிறது என்று கேட்டறியுங்கள். தவறு நடந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி "யார் செய்தது?" என்பதா, "என்ன நடந்தது?" என்பதா என்று குறித்து வையுங்கள். யாருடைய பெயரையும் கொப்பியில் எழுத வேண்டாம். உங்களை நம்பிச் சொன்னது உங்களோடு இருக்கட்டும்.

கடைசியாக, முன்பு விட்டுவந்த ஆட்சேர்ப்பு. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்கூட்டியே தீர்மானித்த அளவுகோலில் புள்ளி போடும் நேர்முகப் பரீட்சை, மனம்போனபடி பேசிப் பார்ப்பதைவிட நன்றாக ஆளைக் கணிக்கிறது. செய்து காட்டச் சொல்லும் பரிசோதனையும் அப்படியே. ஷ்மிட், ஹன்டர் இருவரும் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்டதில் இது தெளிவாக வந்தது. பிறகு எண்களைத் திருத்தியவர்களும் திட்டமிட்ட நேர்முகத்தை மேலேதான் வைத்தார்கள். "எந்த ஊர், யாருடைய மகன்" என்று தொடங்கும் நேர்முகத்தில் நமக்குப் பிடித்த ஆள் கிடைப்பார், வேலைக்கு ஏற்றவர் கிடைப்பாரா என்பது அதிர்ஷ்டம். பயிற்சிக் காலத்தில் அந்த ஹோட்டலில் ஒரு ரூம்போய் வேலைக்கு ஆள் எடுத்தால், முகாமையாளரிடம் அனுமதி கேட்டு ஐந்து கேள்விகளையும் புள்ளித் தாளையும் நீங்களே தயாரித்துக் கொடுங்கள். ஒரு கட்டிலை விரித்துக் காட்டச் சொல்வதையும் அதில் சேருங்கள்.